துப்பாக்கி சேர்ப்பதும் குவிப்பதும்: கோடு எங்கே விழுகிறது?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் கிளேர்மோர் என்றொரு சிற்றூர். அங்கே ஓட்டல் நடத்திய ஜே. எம். டேவிஸ், சிறுவயதில் மருந்து குடிக்க அடம்பிடித்தாராம். குடித்தால் துப்பாக்கி தருகிறேன் என்று அப்பா சொல்ல, அப்படிக் கிடைத்ததுதான் அவருடைய முதல் துப்பாக்கி என்பார்கள். பிற்காலத்தில் ஓட்டலின் சுவரெல்லாம் துப்பாக்கிகள் தொங்கின. மொத்தம் 12,000க்கும் மேல். 1965ல் எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 1969ல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது, இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

2015 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பசிஃபிக் பாலிசேட்ஸ் பகுதியில் காருக்குள் ஒருவர் இறந்து கிடந்தார். அவர் இருந்த வீட்டைக் காவல்துறை சோதித்தபோது 1,200க்கும் அதிகமான துப்பாக்கிகளும் டன் கணக்கில் தோட்டாக்களும் வெளியே வந்தன.

எண்ணிக்கையில் டேவிஸ் பத்து மடங்கு பெரியவர். ஆனாலும் அவரைச் சேகரிப்பாளர் என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. இரண்டாமவரைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் வாயில் வருவதில்லை. ஏன் என்று கேட்டால் பெரும்பாலானோர் “அவ்வளவு எதற்கு?” என்பார்கள். அந்தப் பதில் டேவிஸிடமே தோற்றுவிடுகிறது. கோடு எண்ணிக்கையில் இல்லை.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ளலாம். தமிழில் ‘பதுக்கல்’ என்றால் ரேஷன் அரிசியும் மண்ணெண்ணெயும் நினைவுக்கு வரும்: தட்டுப்பாடு வரும், விலை ஏறும் என்று கணக்குப் போட்டு ஒளித்து வைப்பது. துப்பாக்கி உலகத்திலும் அது உண்டு, பெரும்பாலும் தோட்டாக்களில். மனநல மருத்துவர்கள் பேசுவது வேறொன்று: கணக்கே இல்லாமல் சேர்த்துக்கொண்டே போவது, ஒன்றையும் விட முடியாமல் தவிப்பது. அதைக் ‘குவிப்பு’ என்று வைத்துக்கொள்வோம். பதுக்குபவருக்கு நாளை பற்றிய பயம். குவிப்பவருக்கு கைவிட்டுப் போவது பற்றிய பயம். சேகரிப்பாளருக்கு இரண்டும் கொஞ்சம் உண்டு. அதனால்தான் இந்தப் பேச்சு எளிதில் முடிவதில்லை.

அமெரிக்காவில் இது ஏதோ நாலு பேர் விவகாரமும் இல்லை. ஹார்வர்டு, நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ல் நடத்திய தேசிய ஆய்வு, பொதுமக்கள் கையில் ஏறத்தாழ 26.5 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் பாதி, வயது வந்தோரில் வெறும் 3 சதவீதத்தினரிடம். அவர்களில் ஒருவருக்குச் சராசரி 17. துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பாதிப் பேரிடம் ஒன்றோ இரண்டோதான். அந்த 3 சதவீதத்துக்குள்தான் வேட்டைக்காரர், போட்டிச் சுடுநர், சேகரிப்பாளர், பதுக்குபவர், குவிப்பவர் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சட்டம் பயப்படுவது விற்பவரைப் பார்த்து

இந்தியச் சட்டம் எண்ணுகிறது: 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி, முன்பு மூன்று. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் எண்ணுவதே இல்லை. வைத்திருக்கும் தகுதி இருந்தால் இரண்டும் ஒன்றுதான், இரண்டாயிரமும் ஒன்றுதான். அது கவனிப்பது கைமாறுவதை.

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் சேகரிப்பாளருக்கென்று தனி உரிமத்துக்கு வழி செய்தது. பழக்கத்தில் ‘சி அண்ட் ஆர்’ என்பார்கள், ‘கியூரியோ அண்ட் ரெலிக்’ (அரும்பொருள், நினைவுப்பொருள்) என்பதன் சுருக்கம். கட்டணம் 3 ஆண்டுக்கு 30 டாலர், வயது 21 ஆகியிருக்க வேண்டும். இது இருந்தால், 50 ஆண்டுக்கு மேல் பழமையாகி மூல வடிவம் மாறாத துப்பாக்கிகளையும், அருமை காரணமாகவோ வரலாற்றுத் தொடர்பு காரணமாகவோ அரும்பொருள் என்ற தகுதி பெற்றவற்றையும் வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வாங்கலாம். 50 ஆண்டு என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் எல்லை. ஒவ்வொரு வருடமும் இன்னொரு வருடத்துத் துப்பாக்கிகள் புதிதாக உள்ளே வருகின்றன. 1898 அல்லது அதற்கு முன் செய்தவை கூட்டரசுச் சட்டப்படி ‘பழம்பொருள்’, அவற்றுக்கு இந்த உரிமம்கூட வேண்டியதில்லை.

இந்த உரிமத்தோடு ஒரு கடமை வருகிறது. கட்டுக்கோப்பான பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். அந்த வகைத் துப்பாக்கி ஒன்று வந்தால் அடுத்த வேலை நாள் முடிவதற்குள் தேதி, தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், வகை, குழல் அளவு, யாரிடமிருந்து என்பதெல்லாம் ஏற வேண்டும். விற்றாலோ கொடுத்தாலோ 7 நாளுக்குள் மறுபக்கம் நிரம்ப வேண்டும். தொலைந்தோ திருடுபோயோ இருப்பது தெரிந்தால், தெரிந்த நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் ஏ.டி.எஃப். எனப்படும் கூட்டரசுப் பணியகத்துக்கும் உள்ளூர்க் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும். பலர் இதைத் தொல்லை என்று அலுத்துக்கொள்வார்கள். உண்மையில் சேகரிப்பாளரையும் குவிப்பவரையும் பிரிக்கும் மிக எளிய சோதனையை, அந்த நோக்கமே இல்லாமல், சட்டம் எழுதி வைத்துவிட்டது.

வழுக்கும் இடம் விற்பனை. சொந்தச் சேகரிப்பை மேம்படுத்த எப்போதாவது விற்பதையும், சேகரிப்பு முழுவதையும் விற்றுத் தீர்ப்பதையும் சட்டம் வியாபாரமாகக் கருதுவதில்லை. ஆனால் லாபமே முதன்மை நோக்கமாக வாங்கி விற்றால் வியாபாரி உரிமம் வேண்டும். 2022ல் வந்த சட்டத் திருத்தம் இந்த வரையறையை இறுக்கியது. முன்பு ‘பிழைப்புக்கும் லாபத்துக்கும்’ என்று இருந்தது, இப்போது ‘முதன்மையாக லாபம் ஈட்ட’ என்றாலே போதும். எத்தனை விற்றால் வியாபாரம் என்பதற்கு இங்கும் எண் கிடையாது. மற்ற அறிகுறிகள் இருந்தால் ஓரிரு விற்பனைகளே போதும் என்று ஏ.டி.எஃப். வழிகாட்டியே சொல்கிறது. பெட்டி பிரிக்காத புதுத் துப்பாக்கி, வாங்கிய சில நாளில் விற்பனை, ஒரே மாடல் திரும்பத் திரும்ப: கண்ணை உறுத்துபவை இவை.

ஆக, சட்டம் சந்தேகப்படுவது விரைவாக விற்பவரை. மருத்துவர் சந்தேகப்படுவது விற்கவே முடியாதவரை. சேகரிப்பாளர் இவ்விரண்டுக்கும் நடுவில் நடக்கிறார். ‘விற்றால் வம்பு’ என்ற அச்சத்தில் எதையுமே விற்காமல் இருப்பது தேவையில்லாத எச்சரிக்கை. ஐந்து வருடம் வைத்திருந்த, பதிவேட்டில் ஏறிய ஒன்றை, அதைவிட நல்ல நிலையில் இன்னொன்று கிடைத்ததால் விற்பவருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. சொந்த மாநிலச் சட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, உள்ளூர் உரிமக் கடை வழியாகக் கைமாற்றினால் இன்னும் நிம்மதி.

ஜெர்மனி கேள்வியை வேறு மாதிரிக் கேட்கிறது. அங்கே சேகரிப்பாளருக்குச் சிவப்பு உரிம அட்டை. அதைப் பெற, தன் சேகரிப்பு வரலாற்றுப் பண்பாட்டு முக்கியத்துவம் உடையது என்று காட்ட வேண்டும். என்ன கருப்பொருள், எந்தக் காலம், எந்த நாடு, எந்தத் தொழில்நுட்பம் என்று வரையறுத்து, அந்த எல்லைக்குள் மட்டுமே வாங்க வேண்டும். பிரஷ்ய ராணுவக் கைத்துப்பாக்கிகள் என்று எழுதிக் கொடுத்தவர் ஆசைப்பட்டு அமெரிக்க வேட்டை ரைஃபிள் ஒன்றை அந்த அட்டையில் ஏற்ற முடியாது. அமெரிக்கர்களுக்கு இது கெடுபிடியாகத் தெரியும். சட்டமாக வேண்டாம் என்றாலும், தனக்குத்தானே கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

எட்டு மோசின் ரைஃபிள்கள்

கருப்பொருள் என்றால் என்ன என்பதற்கு மோசின்-நாகன் 91/30 நல்ல உதாரணம். ரஷ்யப் படைகளின் ரைஃபிள், கோடிக்கணக்கில் செய்யப்பட்டது. சோவியத் சிதைந்த பின் கிடங்குகளிலிருந்து அமெரிக்கச் சந்தைக்குக் கொட்டியது. 2000களில் 100 டாலருக்கும் கீழே கிடைத்தது. இன்று அதன் விலை பல மடங்கு. அந்த மலிவுக் காலத்தில் நிறையப் பேர் எட்டு, பத்து என்று வாங்கிப் போட்டார்கள். எட்டு மோசின் வைத்திருப்பவர் யார்?

ஒருவர் இப்படிச் சொல்வார்: ஒன்று தூலா ஆலை, நட்சத்திர முத்திரை. ஒன்று இஷெவ்ஸ்க், முக்கோண முத்திரை. ஒன்றில் 1930களின் நடுப்பகுதி வரை இருந்த பட்டை வெட்டிய ரிசீவர் (குழலின் பின்முனையைத் தாங்கும் உலோக உடல்), இன்னொன்றில் பிறகு வந்த உருண்டை ரிசீவர். இது 1942ன் அவசரத் தயாரிப்பு, கடைசல் தடம் தேய்க்கப்படாமல் அப்படியே நிற்கிறது. இது ஃபின்லாந்துக்காரர்கள் போரில் கைப்பற்றியது, கட்டத்துக்குள் ‘எஸ்ஏ’ முத்திரை இருக்கிறது. எட்டும் எட்டு விடை.

இன்னொருவரிடமும் எட்டு. கேட்டால், “மலிவாகக் கிடைத்தது.”

முதலாமவர் வாங்குவதற்கு முன் பார்க்கும் இடங்கள் நான்கு: குழல், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்), மகசினின் (தோட்டா அறையின்) அடித்தகடு, தோளில் ஊன்றும் மரக்கட்டையின் பின்தகடு. நான்கிலும் வரிசை எண் இருக்கும். அவை ஒத்துப்போனால் ‘மேட்சிங்’. ஆனால் போருக்குப் பின் சோவியத் கிடங்குகளில் பழுது பார்த்தபோது கைக்குக் கிடைத்த பாகங்களைச் சேர்த்துவிட்டு, பழைய எண்ணை அடித்தோ தேய்த்தோ புது எண் பொறித்தார்கள். எழுத்துருவின் வடிவம், குத்திய ஆழம், கீழே தெரியும் பழைய எண்ணின் நிழல் ஆகியவற்றைப் பார்த்து இதைப் பிரித்தறிய வேண்டும். இதில் தவறுபவர்கள் ஏராளம். தவறி, கற்று, தவறானதை விற்றுவிட்டு மேலே போவதுதான் சேகரிப்பின் நடைமுறை. மேலே போவதற்காக ஒன்றைக் கழிக்கத் தெரிவது இந்தத் தொழிலின் பாதி.

விலை உயர்ந்த பக்கத்தில் காகிதம் வந்து சேரும். துப்பாக்கி தயாரிக்கும் கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகம், வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகம் போன்ற இடங்கள் வரிசை எண்ணை வைத்து, பழைய பேரேட்டில் உள்ளபடி அந்தத் துப்பாக்கி எப்போது, என்ன வடிவில் ஆலையை விட்டுப் போனது என்று கடிதம் தருகின்றன. வின்செஸ்டர், மார்லின் ஆகிய துப்பாக்கி நிறுவனங்களின் பேரேடுகள் கோடி நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆனால் எல்லா எண்ணுக்கும் பதிவு இல்லை. பேரேட்டில் 24 அங்குலக் குழல் என்றிருந்து, கையில் இருப்பது 20 அங்குலம் என்றால் யாரோ நடுவில் வெட்டியிருக்கிறார்கள். பளபளப்பாக்கி, புதிதாக நீலம் (துருவைத் தடுக்கும் கருநீலப் பூச்சு) பூசினால் அழகு கூடும் என்று நினைத்துச் செய்பவர்கள் மதிப்பைப் பாதியாக்கிவிடுகிறார்கள். துரு தின்னாத பழைய நிறத்தை அப்படியே விட வேண்டும். குவிப்பவர் இந்தத் தவறைச் செய்வதே இல்லை என்பது வேடிக்கை. அவர் துப்பாக்கியைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதே இல்லை.

மருத்துவர் பார்ப்பது

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு, 2013ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் குவிப்புக் கோளாறைத் தனி நோயாக ஏற்றது. அதன் சாரம் இது: பொருளின் உண்மை மதிப்பு எதுவானாலும் அதைக் கைவிடத் தொடர்ந்து சிரமம், விட வேண்டும் என்றால் துயரம், அதனால் பொருள்கள் சேர்ந்து, புழங்கும் அறைகள் அவற்றின் வேலைக்கு உதவாமல் போவது, இதனால் வாழ்க்கை பாதிக்கப்படுவது. ஆய்வாளர்கள் ரேண்டி ஃப்ராஸ்டும் கெயில் ஸ்டெகெட்டியும் செய்து பரவலாக்கிய வேலையில் ஓர் எளிய கருவி உண்டு. கூடம், படுக்கையறை, சமையலறை ஒவ்வொன்றுக்கும் ஒன்பது படங்கள், ஒன்றைவிட ஒன்று நெரிசலாக. உங்கள் அறை எந்தப் படம் போல இருக்கிறது என்று காட்டச் சொல்வார்கள். நான்காவது படமோ அதற்கு மேலோ என்றால் கவனிக்க வேண்டிய நிலை.

செய்தித்தாளும் பழைய துணியும் குவிப்பவரிடம் இந்தப் படங்கள் நன்றாக வேலை செய்யும். துப்பாக்கியிடம் தோற்றுவிடும். ஒரு ரைஃபிள் எடுத்துக்கொள்ளும் இடம் ஒரு குடையளவு. ஓர் ஆளுயரப் பெட்டகத்தில் இருபது நிற்கும். பூட்டினால் அறை சுத்தமாக இருக்கும். அழுகாது, நாற்றமடிக்காது, விலையும் பெரிதாக இறங்காது. வீட்டுக்காரம்மாவுக்குக்கூட எத்தனை இருக்கிறது என்று தெரியாது. பழைய பேப்பரைக் குவிப்பவரை அக்கம்பக்கம் கவனிக்கும். துப்பாக்கி குவிப்பவரை வங்கிக் கணக்குதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு மறைப்பு ‘முதலீடு’ என்ற சொல். நல்ல துப்பாக்கி விலை ஏறுவது உண்மை. விற்கும்போது கிடைப்பது வேறு கதை. கடைக்காரர் வாங்கும் விலை, அவர் விற்கும் விலையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. ஏலக்கூடம் விற்பவரிடமும் கழிவு எடுக்கும், வாங்குபவரிடமும் எடுக்கும். பெட்டகம், ஈரப்பதக் கருவி, காப்பீடு எல்லாம் இதற்கு மேல். ‘முதலீடு’ என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியது: இதுவரை எத்தனை விற்றீர்கள், என்ன லாபம்? பதில் கணக்காக வந்தால் முதலீடு. கோபமாக வந்தால் வேறு ஏதோ.

இது பற்றி உதவி கேட்கவே பலர் அஞ்சுகிறார்கள். மருத்துவரிடம் போனால் துப்பாக்கியைப் பறித்துவிடுவார்கள் என்று. கூட்டரசுச் சட்டத்தில் தடை வருவது, மனநிலை காரணமாகக் கட்டாய உத்தரவின்பேரில் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது, நீதிமன்றமோ அதுபோன்ற அமைப்போ தகுதியற்றவர் என்று தீர்மானிப்பது போன்ற நிலைகளில்தான். தானாகப் போய் ஆலோசனை பெறுவதாலோ, குவிப்புக் கோளாறு என்ற பெயர் விழுவதாலோ அந்தத் தடை வராது. மாநிலச் சட்டங்கள் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குவிப்புக் கோளாறோடு மனச்சோர்வும் அடிக்கடி சேர்ந்தே வரும். அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. அந்தக் கட்டத்தில் சேகரிப்பு பற்றிய விவாதத்தை ஒத்திவைத்துவிட்டு, பெட்டகச் சாவியை வேறொருவர் கையில் கொடுப்பதோ, துப்பாக்கிகளைக் கொஞ்ச காலம் உரிமக் கடையில் வைப்பதோ முதல் வேலை.

நேரம் போடும் எல்லை

சட்டம் எண் சொல்லாது, மருத்துவர் படம் உதவாது. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதைப் பராமரிப்பு போடுகிறது.

ஒரு துப்பாக்கியை எடுத்து, காலியா என்று உறுதிசெய்து, குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்து, துடைத்து, மெல்லிய எண்ணெயோ மெழுகோ பூசி, பதிவேட்டில் குறித்துத் திரும்ப வைக்க 20 நிமிடம். 200 துப்பாக்கிக்கு 67 மணி நேரம். வருடத்துக்கு இரண்டு முறை என்றால் 130 மணி நேரத்துக்கு மேல், அதாவது மூன்று முழு வேலை வாரங்கள். வைத்திருப்பவருக்கு அந்த நேரம் உண்டா? இல்லையென்றால் எண்ணிக்கை அவரைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு துப்பாக்கியிலேயே தாண்டிவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. தோல் உறையில் வைத்த கைத்துப்பாக்கியை, தோல் பதனிட்ட அமிலமும் உப்பும் ஈரத்தை இழுத்து அரிக்கும். உறை தொட்ட இடமெல்லாம் துரு. பஞ்சு நுரை போட்ட பெட்டி எடுத்துச் செல்லத்தான், உள்ளே வைத்து மறக்க அல்ல. நுரை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. குழல் மேல்நோக்கி நிற்கும் ரைஃபிளில் அதிகம் ஊற்றிய எண்ணெய் மெல்ல இறங்கி, கட்டையின் கழுத்து மரத்தை ஊறவைத்து இளக்கிவிடும். நிறைய எண்ணெய் போட்டு வைத்தால் தலைகீழாக நிறுத்த வேண்டும். பழைய ராணுவத் தோட்டாக்களின் ப்ரைமரில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொறிமருந்தில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகக் குழலில் படிந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர் கரைக்கும். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பின் எண்ணெய். இந்த வரிசையை மாற்றியவர்களின் குழல்களை எந்தத் துப்பாக்கிச் சந்தையிலும் பார்க்கலாம்.

ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, ஏறி இறங்காமல் நின்றால் இரும்புக்கும் மரத்துக்கும் நல்லது. மிக உலர்ந்தால் கட்டை வெடிக்கும். பெட்டகத்துக்குள் சூடேற்றும் தண்டு ஒன்று, ஈரமானி ஒன்று, சிலிக்கா ஜெல் சில பொட்டலம் போதும். ஜெல்லை அவ்வப்போது அடுப்பில் காயவைக்காவிட்டால் அது வெறும் மணல்தான்.

பெட்டகத்தைப் பற்றியும் ஒரு மாயை உண்டு. ‘24 துப்பாக்கிப் பெட்டகம்’ என்று ஒட்டியிருந்தால் தொலைநோக்கி பூட்டிய ரைஃபிள்கள் அதில் பாதிதான் நிற்கும். வீட்டுப் பெட்டகங்களுக்குத் தரும் அடிப்படைத் தரச்சான்று, கைக்கருவிகளோடு வருபவரை 5 நிமிடம் தாக்குப்பிடிப்பதற்குத்தான். தரையோடு போல்ட் அடிக்காத பெட்டகத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டே போய்விடுவார்கள். மாடியில் வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அமெரிக்க மரச்சட்ட வீடுகளின் தளம் பொதுவாகச் சதுர அடிக்கு 40 பவுண்டுக்குத்தான் கணக்கிடப்படுகிறது, படுக்கையறையில் 30. நிறைந்த பெட்டகம் அரை டன்னைத் தொடும்.

2017 முதல் 2021 வரை அமெரிக்காவில் திருடுபோனதாகப் புகாரான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் மேல் என்று ஏ.டி.எஃப். தொகுத்திருக்கிறது, கிட்டத்தட்ட எல்லாமே தனிநபர்களிடமிருந்து. இங்கேதான் குவிப்பு, வீட்டுக்குள் அடங்கும் சொந்த விஷயமாக இல்லாமல் போகிறது. வரிசை எண் இல்லாமல் ஒரு துப்பாக்கியைத் தேசியத் திருட்டுப் பட்டியலில் ஏற்ற முடியாது. எண்ணைக் குறித்து வைக்காதவர் “ஒரு கறுப்பு பிஸ்டல் காணோம்” என்று சொல்லலாம், அவ்வளவுதான். நானூறில் மூன்று போனால் போனதே தெரியாது. சாதாரண வீட்டுக் காப்பீடும் துப்பாக்கித் திருட்டுக்கு மொத்தமாகப் பெரும்பாலும் 2,500 டாலர் அளவில் நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் ஒவ்வொன்றையும் எண், படம், மதிப்போடு பட்டியலிட்டுத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். அங்கும் பதிவேட்டைத்தான் கேட்பார்கள்.

தோட்டாக்களில் நடப்பது பதுக்கலே

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின் புதுச் சட்டம் வரும் என்ற பயத்தில் தோட்டாக்கள் கடையிலிருந்து மறைந்தன. மிக மலிவான .22 தோட்டாவுக்குக்கூட ஆண்டுக்கணக்கில் தட்டுப்பாடு நீடித்தது. கடை திறக்குமுன் வரிசை, ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று அட்டை. 2020ல் மீண்டும் அதே காட்சி. அந்த ஆண்டு துப்பாக்கி வாங்குபவர்கள் மீதான கூட்டரசுப் பின்னணிச் சோதனைகள் 3.97 கோடியைத் தொட்டன. கிடைக்காது என்று வாங்கினார்கள், வாங்கியதால் கிடைக்கவில்லை. நம்மூர் வெங்காயக் கதைதான்.

எவ்வளவு நியாயம் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். மாதம் 200 தோட்டா சுடுபவருக்கு வருடம் 2,400. 9 மில்லிமீட்டர் தோட்டா 1,000 ஏறத்தாழ 12 கிலோ. 10,000 வைத்திருந்தால் நான்கு வருடச் சரக்கு, 120 கிலோ; விலை ஏற்ற இறக்கத்தைத் தாண்ட அது போதும். வைத்திருக்கும் துப்பாக்கிக்குப் பொருந்தாத தோட்டாக்கள் பெட்டி பெட்டியாகச் சேரத் தொடங்கினால், பதுக்கல் குவிப்பாக மாறத் தொடங்கியது என்று பொருள்.

தீப்பிடித்தால் என்ன என்பதில் சினிமா பயம் அதிகம். பெட்டியில் இருக்கும் தோட்டா தீயில் வெடித்தால், சுற்றிலும் குழல் இல்லாததால் அழுத்தம் சேராது. ஓடு கிழியும், துண்டுகள் சிறிது தூரம் தெறிக்கும், தீயணைப்பு உடையைத் தாண்டுவது அரிது. உண்மையான ஆபத்து தோட்டா ஏற்றி வைத்த துப்பாக்கி. சூட்டில் அது சுட்டுவிடும். ஆகவே சேகரிப்பில் இருப்பது எதுவும் நிரம்பி இருக்கக் கூடாது. சொந்தமாகத் தோட்டா நிரப்புபவர்களுக்கு அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறி தெளிவான எண்களைத் தருகிறது: புகையற்ற வெடிமருந்து வீட்டில் 20 பவுண்டு வரை அதன் மூல டப்பாக்களிலேயே, 50 பவுண்டு வரை என்றால் குறைந்தது ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டியில், ப்ரைமர் 10,000க்கு மேல் கூடாது. மருந்தை இரும்புப் பெட்டகத்துக்குள் பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் தங்களை அறியாமல் வெடிகுண்டு ஒன்றைச் செய்கிறார்கள். மரப்பெட்டி சொல்வதே, தீயில் அது உடைந்து அழுத்தத்தை வெளியே விட வேண்டும் என்பதற்காக.

நிறுத்திப் பார்ப்பது

குவிப்புக் கோளாறுக்கான உளவியல் சிகிச்சையில் ஒரு பயிற்சி உண்டு: ஆசையைத் தூண்டும் கடைக்குப் போய், எதையும் வாங்காமல் திரும்புவது. முதலில் துணையோடு, பிறகு தனியாக. துப்பாக்கிச் சந்தைக்கு இதை அப்படியே கொண்டுபோகலாம். பணமும் அட்டையும் வீட்டில் இருக்கட்டும். பிடித்ததைக் கையில் எடுத்துப் பாருங்கள், எண்ணையும் விலையையும் குறித்துக்கொண்டு வாருங்கள். மூன்று நாள் கழித்து அந்தக் குறிப்பைப் படிக்கும்போது, அது சேகரிப்பில் எந்த இடத்தை நிரப்பும் என்று ஒரு வரி எழுத முடிந்தால் சரி. ‘நல்ல விலை’ என்பது மட்டுமே எழுத வந்தால் விட்டுவிடலாம்.

இன்னொன்று கடினமானது. பெட்டகத்திலிருந்து மிகப் பலவீனமான மூன்றை எடுத்து விற்கப் பார்ப்பது. பாகம் மாறியது, நீலம் பூசியது, கருப்பொருளுக்கு வெளியே இருப்பது. சேகரிப்பாளருக்கு இது அரைநாள் தயக்கம். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், கோடு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து யாரும் சொல்லாமலே தெரியும்.

பிறகு திறப்பவர்கள்

பெட்டகத்தைக் கடைசியில் திறப்பது பெரும்பாலும் மனைவியோ மகளோ, துப்பாக்கி பற்றி எதுவும் தெரியாதவர். அவர் கையில் முதலில் கிடைப்பது பதிவேடாக இருந்தால் வேலை நடக்கும்: எது என்ன, எங்கே வாங்கியது, எவ்வளவு பெறும், எந்த ஏலக்கூடத்தை அழைக்க வேண்டும், ஆலைக் கடிதங்கள் எந்த உறையில்.

பதிவேடு இல்லாத வீட்டில் வேறு அபாயமும் காத்திருக்கலாம். இரண்டாம் உலகப்போரிலிருந்து தாத்தா கொண்டுவந்த இயந்திரத் துப்பாக்கி ஒன்று துணியில் சுற்றிக் கிடக்கும். 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவாகியிருந்தால் வாரிசுக்கு வரியில்லாமல் மாற்றத் தனிப் படிவம் உண்டு. அது 1986க்கு முன் பதிவானது என்றால் பெருமதிப்பும் உண்டு. பதிவாகாமல் இருந்தால் இனிப் பதிவு செய்ய வழியே இல்லை. 1968 நவம்பரில் 30 நாள் பொது மன்னிப்பு கொடுத்தார்கள், தாத்தா அப்போது போகவில்லை. வெறுமனே வைத்திருப்பதற்கே 10 ஆண்டு வரை சிறை. அதை எங்கும் எடுத்துப் போகாமல், விற்கவோ வெட்டவோ முயலாமல், ஒரு வழக்கறிஞர் மூலமாக ஏ.டி.எஃப்.பை அழைப்பதுதான் சரியான வழி. ஒப்படைப்பதற்கு முன், உதிரிப் பாகங்களையோ அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதையோ பற்றி வழக்கறிஞர் பேசிப் பார்க்கலாம்.

மீதமுள்ளவற்றுக்கு ஒரு கடைக்காரர் வருவார். எண்ணிப் பார்த்து, மொத்தத்துக்கும் ஒரே விலை சொல்வார். அந்த எட்டு மோசினில் ஃபின்லாந்து முத்திரை போட்டது எது என்று அவருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. மாலைக்குள் லாரி கிளம்பிவிடும்.